மதராஸ் கூண்டு எலிகள்: ராபர்ட் மெக்காரிசனின் கதை

போன செமஸ்டர் லீவுல கொல்லிமலை போயிருந்தோம். நாலு பைக், எட்டு பேர். காரவள்ளி அடிவாரத்துல ஆரம்பிச்சு 70 கொண்டை ஊசி வளைவு. நாற்பதாவது வளைவுல ஒருத்தன் வண்டியை ஓரம்கட்டச் சொல்லி வாந்தி எடுத்தான். பேர் வேண்டாம், இதைப் படிச்சிட்டுதான் இருப்பான். ராத்திரி தங்கினது செம்மேட்டுக்குப் பக்கத்துல, எங்க கிளாஸ் பையன் ஒருத்தனோட மாமா வீட்டுல.

மாமா வீட்டுக் கொல்லையில ரெண்டு பன்றி இருந்துச்சு. ஒண்ணு கறுப்பு, நாட்டுப் பன்றி. இன்னொண்ணு வெள்ளை, யார்க்‌ஷயர் கலப்பு. ரெண்டுக்கும் ஒரே சாப்பாடுதான்: சாமைத் தவிடு, வேகவெச்ச மரவள்ளி, வீட்டுல மிஞ்சின கஞ்சி. வெள்ளை சீக்கிரமா வளருது, அதனால அதுக்குத்தான் தீனி உடம்புல ஒட்டுதுன்னு எங்க பையன் சொன்னான். மாமா ஒத்துக்கவே இல்லை. கறுப்பு எதைக் கொடுத்தாலும் சத்தை உறிஞ்சிக்கும், வெள்ளைக்குக் கடைத் தீவனம் வாங்கிப் போட்டாத்தான் உடம்பு ஏறும்னார். வாக்குவாதம் சோறு ஆறும்வரை போச்சு. வல்வில் ஓரி ஒரே அம்புல யானை, புலி, மான், பன்றி, உடும்புன்னு அஞ்சையும் சாய்ச்ச மலை இது. எங்களால ரெண்டு பன்றி விஷயத்தையே முடிக்க முடியலை.

ஊருக்குத் திரும்பினதும் கால்நடை மருத்துவம் படிக்கிற ஒரு அக்காகிட்ட கேட்டேன். இதை அளக்க முறையான வழி இருக்குன்னாங்க. அதைக் கடைசியில சொல்றேன். பேச்சோட பேச்சா இன்னொண்ணும் சொன்னாங்க: சாப்பாட்டோட தரத்தை விலங்கை வெச்சு அளக்கிற வேலையை நம்ம ஊர்ல பெரிய அளவுல நடத்தினவர் ஒரு ஐரிஷ் டாக்டர், இடம் குன்னூர், அவர் முடிவுப்படி மதராஸ்காரன் சாப்பாடு கடைசி இடம். கடைசி இடமா? அன்னிக்கு ராத்திரி தூக்கம் போச்சு. அந்த மனுஷனைத் தேடிப் படிச்சதுதான் இந்தக் கட்டுரை.

ராபர்ட் மெக்காரிசன் பிறந்தது 1878 மார்ச் 15-ஆம் தேதி, அயர்லாந்தின் வடக்கே போர்ட்டடவுன் என்ற ஊரில். பெல்ஃபாஸ்ட்டில் மருத்துவம் படித்து 1900-இல் பட்டம் வாங்கினார். அந்தக் காலத்தில் கெட்டிக்கார இளம் டாக்டர்களுக்கு ஒரு பெரிய கனவு, இந்தியன் மெடிக்கல் சர்வீஸ். இப்போ நம்ம சீனியர்கள் கேட் எழுதுற மாதிரி, அப்போ அவர்கள் அதற்குப் பரீட்சை எழுதினார்கள். தேறினார், கப்பல் ஏறினார். இந்தியாவில் கால் வைக்கும்போது வயது இருபத்து மூன்று.

முதல் வேலை வடமேற்கு எல்லையில், சித்ரால் பகுதியில், ராணுவ வீரர்களுக்கு வைத்தியம். அங்கே கோடையானால் சிப்பாய்களுக்கு மூன்று நாள் காய்ச்சல் வரும், தானாகவே போய்விடும். மலேரியா என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அதைத் தனி நோய் என்று பிரித்துக் காட்டினார். மணல் ஈ பரப்பும் காய்ச்சல் என்று பிற்பாடு தெரிந்தது இதுதான். சம்பளத்துக்கு வைத்தியம், சொந்த ஆசைக்கு ஆராய்ச்சி என்ற பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது.

அடுத்து கில்கிட். காஷ்மீருக்கு வடக்கே, சுற்றிலும் பனிமலை. ஏறத்தாழ ஏழு வருஷம் அங்கே ஏஜென்சி சர்ஜன். அந்தப் பள்ளத்தாக்கில் கழுத்துக் கழலை சாதாரணம். தண்ணீர் ஒரே வாய்க்காலில் ஊர் ஊராக இறங்கி வரும். மேல் ஊரில் கழலை குறைவு, கீழே போகப் போக அதிகம். மேல் ஊரின் அழுக்கெல்லாம் கீழ் ஊரின் குடிதண்ணீரில் கலக்கிறதே, காரணம் அதுதானோ என்று அவருக்குச் சந்தேகம். சந்தேகத்தைத் தீர்க்க என்ன செய்தார் தெரியுமா? அந்தத் தண்ணீரை வடிகட்டி, தங்கிய கசடைத் தானே குடித்தார். சம்மதித்த சிலரும் கூடக் குடித்தார்கள். இன்னொரு குழுவுக்கு அதே கசடு, ஆனால் கொதிக்கவைத்தது. கொதிக்கவைக்காததைக் குடித்த சிலருக்குத் தைராய்டு வீங்கியது, மற்றக் குழுவுக்கு இல்லை. இன்றைக்கு எந்த எத்திக்ஸ் கமிட்டியும் இதற்குக் கையெழுத்துப் போடாது.

ஆனாலும் பரிசோதனையின் கட்டமைப்பைக் கவனிங்க. கசடு ஒன்று, ஊர் ஒன்று, ஒரே ஒரு விஷயம் மட்டும் வேறு. நம்ம லேப் மேனுவலில் கண்ட்ரோல் என்று ஒரு வரியில் கடந்துபோகிறோமே, அதற்காக இந்த ஆள் சாக்கடைக் கசடைக் குடித்திருக்கிறார்.

முடிவு முழுக்கச் சரியா என்றால், இல்லை. கழலையைக் கிருமி சார்ந்த நோயாகவே அவர் பார்த்தார். அது பெரும்பாலும் அயோடின் குறைவால் வருவது என்பது பிறகு உறுதியானது; இன்றைக்கு நம் வீட்டு உப்பு பாக்கெட்டில் அயோடின் இருப்பது அதனால்தான். தவறான முடிவுக்கு வந்த நல்ல பரிசோதனை என்று அதைச் சொல்வேன். 1913-இல் லண்டன் ராயல் மருத்துவக் கல்லூரியில் அவர் ஆற்றிய மில்ராய் சொற்பொழிவுகள் இந்தக் கழலை ஆராய்ச்சி பற்றித்தான்.

கில்கிட் அவருக்கு இன்னொன்றும் கொடுத்தது. அந்த ஏஜென்சிக்குள்தான் ஹுன்சா இருந்தது. அங்கத்து ஜனங்கள் முழுத் தானிய ரொட்டி, பால், காய்கறி, பாதாமி பழம் சாப்பிட்டார்கள். கறி எப்போதாவதுதான். நாளெல்லாம் மலை ஏறி இறங்கியும் அசராத உடம்பு. குடல்வால் அழற்சி, வயிற்றுப்புண் போன்ற, ஐரோப்பாவில் அவர் தினமும் கேள்விப்பட்ட வியாதிகள் அங்கே கண்ணில் படவே இல்லை. அந்த ஆச்சரியம் கடைசிவரை அவரை விடவில்லை. ஹுன்சாக்காரர்கள் நூற்றைம்பது வயது வாழ்கிறார்கள் என்று இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது பின்னால் வந்தவர்கள் ஊதிப் பெருக்கியது. அந்தப் பழியை இவர் தலையில் போட வேண்டாம்.

நடுவில் முதல் உலகப்போர் வந்து ராணுவ வேலைக்கு இழுத்துக்கொண்டது. 1918-இல் நீலகிரி வந்து சேர்ந்தார். குன்னூரில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1907-இலிருந்தே நாய்க்கடி ஊசிக்குப் பேர்போனது. அந்தக் கட்டடத்தில் ஒரே ஒரு அறையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். வெளியே பெரிபெரி விசாரணை என்று பெயர். இன்றைக்கு ஹைதராபாத்தில் பிரம்மாண்டமாக நிற்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பிறந்தது அந்த ஒற்றை அறையில்தான்.

பெரிபெரி என்பது வைட்டமின் பி1 குறைந்தால் வருவது. கால் மரத்துப்போகும், வீங்கும், இதயம் தளரும். அப்போது மதராஸ் ராஜதானியில் அது பரவியிருந்தது வட பகுதியில், இன்றைய ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில். நம் பக்கம் அவ்வளவு இல்லை. இரண்டு இடத்திலும் அரிசிதான் சாப்பாடு. அப்புறம் என்ன வித்தியாசம்? உயிர்வேதியியலாளர் ரோலண்ட் நாரிஸோடு சேர்ந்து அவர் இதில் இறங்கினார். அங்கே மில்லில் தீட்டிய பச்சரிசி, இங்கே புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் வைட்டமின் அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. அப்புறம் மில் தீட்டினாலும் எல்லாம் போய்விடுவதில்லை. நம் ஆயாக்கள் நெல் அவிக்கும் அண்டாவில் நடந்த டிஃப்யூஷன் இது. யாருக்கும் தெரியாமலேயே ஒரு நாட்டின் பாதி அதனால் தப்பித்திருக்கிறது. சோதனைக்கு அப்போது உதவியவை புறாக்கள். தீட்டிய அரிசி மட்டும் போட்டால் புறாவுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும், பறக்க முடியாது. குரங்குகளுக்கும் சத்தற்ற உணவு கொடுத்துப் பார்த்தார்; அவற்றுக்கு வயிற்றுப்போக்கும் குடல் புண்ணும் வந்தன. தப்பான சாப்பாடு நரம்பை மட்டுமில்லை, குடலையும் கெடுக்கிறது என்பதை அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் வரை போய்ப் பேசினார். 1921-இல் குறைபாட்டு நோய்கள் பற்றிய பெரிய புத்தகம் வந்தது.

இப்படி வேலை சூடு பிடித்த நேரத்தில்தான் கத்தரி விழுந்தது. போருக்குப் பிறகு அரசாங்கத்திடம் காசில்லை. செலவைக் குறைக்க இன்ச்கேப் பிரபு தலைமையில் ஒரு கமிட்டி. 1923-இல் குன்னூர் விசாரணை மூடப்பட்டது. நாட்டில் பாதிப்பேர் அரைவயிற்றோடு இருக்கும்போது, சாப்பாட்டைப் பற்றிய ஆராய்ச்சி வீண்செலவு என்று யாரோ ஒரு கோப்பில் எழுதியிருக்கிறார்கள். இரண்டு வருஷம் கழித்துத்தான் திரும்பத் திறந்தது. 1928-இல் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடங்கள் என்று பெயர் மாறி, மெக்காரிசன் முதல் இயக்குநர் ஆனார்.

இனிமேல்தான் நம்ம விஷயம், எலிகள்.

இந்தியாவில் ஒவ்வொரு பகுதிக்காரர் உடம்பும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. வடக்கே உயரம், தெற்கிலும் கிழக்கிலும் குள்ளம், ஒல்லி. அன்றைய வெள்ளைக்கார அதிகாரிகளிடம் இதற்கு ஒரு ரெடிமேட் பதில் இருந்தது: அது இனம், ரத்தம். போர்க்குடி இனங்கள் என்று பட்டியலே போட்டு, அதைப் பார்த்துத்தான் ராணுவத்துக்கு ஆள் எடுத்தார்கள். மெக்காரிசன் கேட்டது வேறு. மனிதர்கள் இனத்தால் வேறுபடுகிறார்களா, சாப்பாட்டாலா? மனிதர்களை வைத்து இதைப் பிரிக்கவே முடியாது. சீக்கியர் சாப்பாட்டைச் சீக்கியர்தான் சாப்பிடுகிறார். அதனால் இனத்தை ஒன்றாக்கிவிட்டார். ஒரே வம்சத்து வெள்ளை எலிகள், ஒரே வயது, ஒரே மாதிரிக் கூண்டு, ஒரே குன்னூர்க் குளிர். ஏழு குழு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பகுதியின் சாப்பாடு: சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கா, கன்னடர், வங்காளி, மதராஸி.

சீக்கியக் கூண்டுக்கு முழுக்கோதுமைச் சப்பாத்தி, வெண்ணெய், பால், முளைகட்டிய கடலை, பச்சைக் கேரட், முட்டைக்கோஸ், வாரத்துக்கு ஒரு தடவை எலும்போடு கறி. மதராஸ் கூண்டுக்கு நன்றாகக் கழுவிய தீட்டிய அரிசி, பருப்பு, காய்கறி, தேங்காய், எண்ணெய், துளி மோர். காபிகூட உண்டு! நம்ம ஊர் எலிக்குக் காபி போட்டுக் கொடுத்த ஒரே ஆராய்ச்சிக்கூடம் அதுவாகத்தான் இருக்கும்.

சில மாதம் கழித்து எடை போட்டார்கள். சீக்கியக் கூண்டு எலி சராசரியாகச் சுமார் 235 கிராம். பட்டாணியரும் மராட்டியரும் அதற்குக் கொஞ்சம் கீழே. அப்புறம் கூர்க்கா, கன்னடர், வங்காளி. கடைசியில் மதராஸி, சுமார் 155 கிராம். இந்தியாவின் வரைபடத்தில் மனிதர்களின் உடம்பு எந்த வரிசையில் இறங்குகிறதோ, ஏறத்தாழ அதே வரிசையில் எலிகளும் இறங்கின.

இதை முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ரெண்டாவது தடவை படிச்சப்பதான் உறைச்சுது. எலிகள் எல்லாம் ஒரே ரத்தம். இருந்தும் சாப்பாடு மாறினதும் ஒன்று பட்டாணியனாகவும் இன்னொன்று மதராஸியாகவும் ஆகிவிட்டது. அப்படியானால் ரத்தம் என்ற பேச்சே அடிபட்டுப்போகிறதே! நம்மை அவமானப்படுத்துகிற மாதிரித் தெரிந்த அந்த 155 கிராம், உண்மையில் போர்க்குடி இனம் என்ற கொள்கையின் அடிமரத்தில் விழுந்த வெட்டு. உடல்வாகில் உணவுக்குள்ள பங்கு இனம், தட்பவெப்பம் இரண்டையும்விடப் பெரிது என்றே அவர் எழுதி வந்தார். விவசாயத்துக்கான ராயல் கமிஷன் வந்தபோது, இந்திய ஏழைகளின் சோர்வுக்கும் நோய்க்கும் முதல் காரணம் ஊட்டக்குறைவு என்று மனு கொடுத்தார். காலனி அரசின் சம்பளம் வாங்கிக்கொண்டே அந்த அரசிடம், உங்கள் ஜனங்கள் சோம்பேறிகள் இல்லை, பட்டினி என்று சொன்ன மாதிரிதான் அது.

சீக்கிய உணவை அதோடு விடவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளை அதே உணவில் இரண்டு வருஷத்துக்கு மேல் வளர்த்தார். மனித வயதில் கணக்குப் போட்டால் ஐம்பத்தைந்து தொடும். ஒவ்வொன்றையும் அறுத்துப் பார்த்ததில் சொல்லிக்கொள்ளும்படி நோயே இல்லை. பிறகு இங்கிலாந்தின் ஏழைத் தொழிலாளி சாப்பாட்டையும் ஒரு குழுவுக்குக் கொடுத்தார்: வெள்ளை ரொட்டி, மார்ஜரின், சர்க்கரை போட்ட டீ, டின் கறி, மலிவு ஜாம். அந்த எலிகள் வளரவில்லை, பராமரிப்பவரைக் கடித்தன, அறுபது நாளில் பலவீனமானவற்றைக் கொன்று தின்ன ஆரம்பித்தன. சொந்த நாட்டுக்காரன் தட்டையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஹாஸ்டல் மெஸ் கமிட்டி இந்தப் பத்தியை மட்டும் பிரிண்ட் எடுத்து ஒட்டலாம்.

இப்போ ஒரு இன்ஜினியரிங் ஸ்டூடண்டாக எனக்கு இதில் இருக்கும் உறுத்தலைச் சொல்லணும். சீக்கிய உணவுக்கும் மதராஸ் உணவுக்கும் நடுவில் மாறியது ஒன்றா? கோதுமை, பால், வெண்ணெய், பச்சைக் காய், கறி, எல்லாம் ஒரே நேரத்தில் மாறுகிறது. எந்த வேரியபிள் எடையைக் கூட்டியது என்று இதிலிருந்து பிரிக்க முடியாது. பாலை மட்டும் மதராஸ் கூண்டில் சேர்த்திருந்தால்? கில்கிட்டில் ஒற்றை வேரியபிளுக்காகக் கசடு குடித்தவர், இங்கே அந்தக் கண்டிப்பைத் தளர்த்திவிட்டார். அதோடு மதராஸி சாப்பாடு என்று ஒன்று எங்கே இருக்கிறது? தஞ்சாவூர் மிராசுதார் சாப்பிட்டதும் அவர் வயலில் கூலிக்குப் போனவர் சாப்பிட்டதும் ஒன்றா? கொல்லிமலை வீட்டில் அன்றைக்கு வெந்தது சாமையும் தினையும் கேழ்வரகும். அந்த ஏழு தட்டில் எதிலும் இவர்கள் இல்லை. மதராஸி என்ற ஒரு சொல்லுக்குள் ராஜதானியின் அத்தனை அடுப்பும் அடங்கிப் போனது.

சிறுதானியத்தை அவர் தொடவே இல்லை என்று சொல்ல முடியாது. கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரியின் வேதியியலாளர் பி. விஸ்வநாத்தோடு சேர்ந்து 1926-இல் ஒரு வேலை செய்தார். தொழுவுரம் போட்டு விளைந்த சிறுதானியமும் கோதுமையும், ரசாயன உரத்தில் விளைந்ததும் சத்தில் ஒன்றா என்பது கேள்வி. தொழுவுரத் தானியமே மேல் என்று அவர் முடிவு வந்தது. இயற்கை விவசாயம் பேசுகிறவர்கள் உலகம் முழுக்க அதை இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள், மற்றவர்கள் மறுக்கிறார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகலை. மண், தானியம், உடம்பு மூன்றையும் ஒரே கேள்வியாகப் பார்த்தார் என்பதுதான் எனக்குப் பிடிச்சது.

1928-இல் உணவு பற்றி இந்தியப் பள்ளிகளுக்காக ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். 1933-இல் சர் பட்டம். 1935-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து போனார். மறுவருஷம் லண்டனில் அவர் ஆற்றிய கேண்டர் சொற்பொழிவுகளில் குன்னூர் எலிகள்தான் நாயகர்கள். கடைசிக் காலம் ஆக்ஸ்ஃபோர்டில். 1945 முதல் பத்து வருஷம் அங்கே மருத்துவ மேற்படிப்புக்கு இயக்குநர். 1960 மே 18-இல் இறந்தார்.

அவர் போன பிறகும் குன்னூர் ஓயவில்லை. அடுத்து வந்த வாலஸ் அய்க்ராய்ட் 1937-இல் இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலை வெளியிட்டார். நீங்க ஜிம்முக்குப் போய், ஆப்பில் இட்லிக்கு எவ்வளவு புரோட்டீன் என்று பார்க்கிறீங்களே, அந்த வகைக் கணக்கின் தாத்தா இதுதான். அதே ஆண்டுகளில் எம். சுவாமிநாதன் என்பவர் நம் தானியம், பருப்புகளின் புரதம் உடம்பில் எவ்வளவு தங்குகிறது என்று எலிகளை வைத்து அளந்தார். பசுமைப் புரட்சி சுவாமிநாதன் வேறு, இவர் வேறு. ரெண்டாமவர் பேரில் இயங்கும் அறக்கட்டளை பிற்காலத்தில் கொல்லிமலைச் சிறுதானியங்களைக் காப்பாற்ற வேலை செய்ததால், இரண்டு பேரையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வது சுலபம், நானும் குழம்பினேன். 1958-இல் ஆராய்ச்சிக்கூடம் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது.

புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதும் எவ்வளவு சேர்கிறது என்பதும் வேறு வேறு. இதை விளக்கினால்தான் மாமாவின் பன்றிக்கு வர முடியும். லேபில் புரதத்தை நேரடியாக எண்ணுவதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறார்கள், அவ்வளவுதான். சாமையில் 100 கிராமுக்கு 7.7 கிராம், தினையில் 12.3, தீட்டிய பச்சரிசியில் 6.8 என்று பழைய பட்டியல் சொல்வதெல்லாம் இந்தக் கணக்கு. நைட்ரஜன் எங்கிருந்து வந்தாலும் இந்த முறை அதைப் புரதம் என்றே நம்பும். 2008-இல் சீனாவில் பால் பவுடரில் மெலமைன் கலந்தவர்கள் ஏமாற்றியது இந்த ஓட்டையில்தான். தினையில் 12.3 இருந்தாலும் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. அது தீர்ந்த இடத்தில் மற்றவை வேலைக்காகாது. நாலு சக்கரத்தில் ஒன்று இல்லாத வண்டி மாதிரி.

அதனால்தான் விலங்கு. முதலில் எலி. சாப்பிட்டதில் சாணத்தில் போனதைக் கழித்தால் மிச்சம் செரித்தது என்று கணக்கு. அதில் இரண்டு கோளாறு. எலி உடம்பு முழுக்க ரோமம். ரோமத்துக்குக் கந்தகம் உள்ள அமினோ அமிலம் நிறைய வேண்டும், மனிதனுக்கு அவ்வளவு வேண்டாம். இரண்டாவது, செரிக்காத புரதம் பெருங்குடலுக்குப் போனதும் அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். சாணத்தில் வராததால் செரித்துவிட்டது என்று எழுதுவோம். உண்மையில் அந்த நைட்ரஜன் அமோனியாவாகி, யூரியாவாகி, சிறுநீரில் போயிருக்கும், சதையில் ஒட்டியிருக்காது. எனவே அளக்க வேண்டிய இடம் சிறுகுடல் முடியும் இடம். 2013-இல் வெளியான ஐநா உணவு, வேளாண் அமைப்பின் அறிக்கை, மனிதர்களில் நேரடியாக அளக்க முடியாதபோது வளரும் பன்றியில் அளக்கச் சொன்னது. எலி அதற்கும் அடுத்தபடிதான். பன்றியின் வயிறும் குடலும் நம்முடையதற்கு நெருக்கம், நம்மைப் போலவே எல்லாம் தின்னும். சிறுகுடல் முனையில் ஆபரேஷன் செய்து சின்னக் குழாய் பொருத்தி, வருவதைச் சேகரித்து, அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக அளக்கிறார்கள். குடல் தானாகச் சுரந்து கலக்கும் புரதத்தையும் கழிக்க வேண்டும். புரதமே இல்லாத தீனி கொடுத்து அதைத் தனியாக அளந்துகொள்கிறார்கள்.

இங்கேதான் மாமாவும் மெக்காரிசனும் எதிரெதிரே நிற்கிறார்கள். அவர் எலியை மாறாமல் வைத்துத் தட்டை மாற்றினார். மாமாவின் கொல்லையில் தட்டு ஒன்று, பன்றிதான் வேறு. தீவனக் கம்பெனிகள் நம்பும் அட்டவணைகள் பெரும்பாலும் லார்ஜ் ஒயிட், லேண்ட்ரேஸ் மாதிரி வேகமாக வளரும் மேல்நாட்டு இனங்களிலோ அவற்றின் கலப்புகளிலோ அளந்தவை. அந்த எண்ணை நாட்டுப் பன்றிக்கு அப்படியே போட்டால் சரியா? பல நாடுகளில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சிறுகுடலில் புரதம் செரிப்பதில் இனத்துக்கு இனம் வித்தியாசம் பெரும்பாலும் சிறியது, ஒரே திசையிலும் இல்லை. தீவனம் மாறினால் வரும் வித்தியாசம் அதைவிடப் பெரிது. நார் என்று வந்தால் கதை கொஞ்சம் மாறுகிறது: தவிடு, தழை போன்றவற்றைப் பெருங்குடலில் நொதிக்கவைத்துச் சக்தி எடுப்பதில் நாட்டு இனங்கள் பல சோதனைகளில் ஒரு படி முன்னே. வெள்ளை சீக்கிரம் வளர்வது நன்றாகச் செரிப்பதால் என்பதைவிட, அதிகம் தின்று, செரித்ததைச் சதையாக்குவதால். நாட்டுப் பன்றி அதே தீனியில் அதிகப் பங்கைக் கொழுப்பாகச் சேர்த்துவைக்கும்.

போன மாசம் மாமாவுக்கு போன் போட்டு இதைச் சொன்னேன். நார் விஷயத்தில் தான் சொன்னதுதான் சரி என்று அவருக்கு ஒரே சந்தோஷம். புரதத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று சொன்னதைக் காதில் வாங்கின மாதிரித் தெரியலை. வெள்ளைக்கு விலை கொடுத்து வாங்கும் தீவனத்தில் லைசின் போதுமான அளவு இருக்கிறதா, மூட்டையில் அச்சடித்த புரதச் சதவீதத்தை மட்டும் பார்க்கிறீங்களா என்று கேட்டேன். மூட்டை கொல்லையில்தான் கிடக்குது, அடுத்த தடவை வரும்போது நீயே படிச்சுச் சொல்லுன்னார். பொங்கல் லீவுல போறோம். இந்தத் தடவை பஸ்ல.